ஒரு சிட்டிகை இரும்புத்தூள்

வேண்டாமுங்க, மேல வெக்க வேண்டாமுங்க. பை மடியிலயே இருக்கட்டும். உள்ள ஸ்கேனர் இருக்குது. மேல வெச்சா ஒவ்வொரு வளைவுக்கும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் உருண்டுட்டுக் கெடக்கும். நீங்க நல்லாச் சாஞ்சு உக்காருங்க, எனக்கு எடம் போதும். கோத்தகிரிங்களா? நான் அதுக்கு முன்னாலயே, அரவேணுவுல எறங்கிக்குவனுங்க.

ஸ்கேனருன்னதும் ஆஸ்பத்திரி ஆளுன்னு நெனச்சுட்டீங்களா? அதில்லீங்க. நான் டூவீலர் மெக்கானிக். பேரு திருமூர்த்தி. மேட்டுப்பாளையத்துல, மலை ஏறறதுக்கு முன்னாடி கடைசிப் பட்டறை நம்முளுதுதான். மஞ்சப் போர்டு, ‘இங்கு ஏ.பி.எஸ். பார்க்கப்படும்’னு ஆளு உசர எழுத்துல எழுதியிருக்கும். இந்த பஸ்ஸுல வரும்போது இடது கைப் பக்கம் பாத்திருப்பீங்களே. பாக்கலீங்களா? பரவால்லீங்க.

ஏ.பி.எஸ்.னா பிரேக்குல வர்ற சங்கதிங்க. முன் சக்கரத்துல பல்லுப் பல்லா வெட்டுன ஒரு தகட்டு வளையம் இருக்கும். அதுக்குப் பக்கத்துல, நகத்துக் கனம் எடம் உட்டு, சென்சாருன்னு ஒண்ணு மூக்க நீட்டிட்டு நிக்கும். ஒவ்வொரு பல்லு தாண்டறதையும் அது எண்ணிக்கிட்டே இருக்கும். சக்கரம் இத்தன வேகத்துல சுத்துதுன்னு உள்ள இருக்கற பொட்டிக்குச் சொல்லும். நீங்க பயத்துல பிரேக்கை ஒரே அமுக்கா அமுக்கறீங்க, சக்கரம் சுத்தாம வழுக்கப் பாக்குதுன்னு வைங்க, பொட்டி அதைக் கண்டுபுடிச்சு பிரேக்கை உட்டு உட்டுப் புடிக்கும். வண்டி வழுக்காது. மழையில, இந்த மாதிரி மலை ரோட்டுல, அது உசுரக் காக்கற சாமானுங்க. அதுல கோளாறுன்னா மீட்டர்ல மஞ்ச லைட்டு எரியும். லைட்டு எரிஞ்சா பொட்டி வேலை செய்யலைன்னு அர்த்தம். பிரேக்குப் புடிக்கும், ஆனா காவலுக்கு ஆளு இல்லை.

இதையெல்லாம் எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டீங்கன்னா, அங்கதான் வருது வெனை.

நான் பதினோரு வருசம் ஒரு ஷோரூமு சர்வீஸ்ல இருந்தனுங்க. எந்தக் கம்பெனின்னு வேண்டாம், உடுங்க. எஞ்சின் ஓடற சத்தத்தக் கேட்டே எந்த வால்வுன்னு சொல்லிப்போடுவேன். சீனியர்னா நான்தான். எனக்கு மேல ஒரு சூப்பர்வைசரு கோயமுத்தூர்ல இருந்து வந்தாரு. சதாசிவம்னு பேரு. என்னைவிட நாலு வயசு மூப்பு இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பாக்கெட்டுல ரெண்டு பேனா. கிரீஸ் கையில பட்டுதுன்னா உடனே தொடைச்சுக்குவாரு. அந்த ஏ.பி.எஸ். வண்டியெல்லாம் அப்பத்தான் வர ஆரம்பிச்சுது. ஸ்கேனரும் அவரோடதான் வந்துச்சு. எப்படி மாட்டறது, எந்த எரர் வந்தா என்ன அர்த்தம், எப்படி அழிக்கறதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரு. மொதல்ல எனக்குத்தான் சொல்லிக் குடுத்தாரு. நான் இல்லைங்கலீங்களே. நடந்ததை நடந்த மாதிரிதான் சொல்லுவேன்.

எங்க தெருவுல ராசகோபால்னு ஒரு பி.டி. வாத்தியாரு. அவரு வண்டியில லைட்டு எரியுதுன்னு கொண்டு வந்தாரு. நான் ஸ்கேனர் மாட்டி அழிச்சு உட்டேன். லைட்டு அணைஞ்சுது. பத்து நாள் கழிச்சு மறுபடி வந்தாரு. மறுபடி அணைச்சேன். மூணாவது தடவை வந்தாரு. சென்சாரைக் கழட்டிப் பாத்தீங்களான்னு கேக்கறீங்க. கேப்பீங்க, வெளிய இருந்து கேக்கறது சுலுவு. பொழுதோட டெலிவரி, பதினாலு வண்டி நிக்குது, பதினாலு ஜாப் கார்டு சட்டையில குத்தி வெச்சிருக்கேன். லைட்டு எரியுதுன்னு எழுதியிருக்கு, லைட்டு அணைஞ்சுது. கார்டுல எழுதுனதச் செஞ்சேன். அதுல என்னங்க தப்பு?

மூணாவது தடவை வந்தன்னைக்கு சதாசிவம் தானே வந்து ஸ்கேனர மாட்டுனாரு. ஷோரூம் ஸ்கேனரு, தான் பாத்த வண்டியோட பழைய கணக்கெல்லாம் உள்ள வெச்சிருந்து காட்டுமுங்க. ஒரே கோளாறு, முன் சென்சாரு, மூணு தடவை வந்து ரெண்டு தடவை அழிஞ்சிருக்குது. அவரு அதைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. சுத்தியும் அத்தன பேரு. மெக்கானிக்குங்க, வாட்டர் சர்வீஸ்காரன், டீ கொண்டு வந்த பொம்பள, வண்டி எடுக்க வந்த நாலஞ்சு கஸ்டமரு. அவரு சிரிச்சுக்கிட்டே வாத்தியாரு தோள்ல கை போட்டு, “நீங்க வண்டிய உட்டுட்டுப் போங்க சார், நான் பாத்துக்கறேன். நம்ம திருமூர்த்திக்கு லைட்டை அணைக்கத்தான் தெரியும், பிரேக்கைப் பாக்கத் தெரியாது”ன்னாரு.

எல்லாரும் சிரிச்சாங்க. டீக்காரப் பொம்பள வரைக்கும் சிரிச்சா. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுதுங்க. பதினோரு வருசம் அந்தத் தரையில மண்டி போட்டவன் நான். கையில இருந்த ஸ்பேனர எடுத்துக்கிட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டேன்.

ஒரு வார்த்தைக்கா இவ்வளவுன்னு கேப்பீங்க. சொன்ன எடத்தோட போயிருந்தா நானும் மறந்திருப்பேன். அந்த வாத்தியாரு எங்க தெருவுங்க. அவரு போயி சொல்லியிருக்காரு. மளிகைக் கடையில கரண்டு போச்சுன்னா, “யாரு, திருமூர்த்தி அணைச்சுட்டாரா?”ங்கறாங்க. எம்பட மாமனாரு ஊட்டுக்கு வந்தப்ப கேட்டுட்டுப் போனாரு. படுக்கப் போறப்ப எம்பட சம்சாரம், அவளும் ஒரு நாள் சொல்லிப்போட்டா: “லைட்டை அணைச்சுட்டு வாங்க, உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே.” வெளையாட்டுக்குத்தான் சொன்னா. எனக்கு வெளையாட்டா இல்லீங்க. ரெண்டு மாசம் அவகூடச் சரியாப் பேசலை. அவ அப்படிச் சொன்ன அடுத்த வாரமே வேலைய உட்டுட்டேன். சதாசிவம் கூப்புட்டுப் பேசுனாரு. “எதுக்குப் போறீங்க திருமூர்த்தி, நல்ல கை உங்களுது, கொஞ்சம் நிதானம் வேணும், அவ்வளவுதான்”ன்னாரு. குத்திட்டுத் தடவிக் குடுக்கற ஆளுங்க அவரு. நான் மூஞ்சியப் பாக்காம வந்துட்டேன்.

ஏழு வருசமாச்சு. இந்த ஏழு வருசத்துல மேட்டுப்பாளையத்துல ஏ.பி.எஸ்.ன்னா திருமூர்த்தின்னு பேரு வாங்கிட்டேன். சொந்தமா ஸ்கேனர் வாங்குனேன், அது இந்தா பையில இருக்கறது. ஒரு வண்டி லைட்டு எரியுதுன்னு வந்தா, அழிக்கறதோட உடமாட்டேன். கழட்டுவேன், தொடைப்பேன், மெல்லிசா ஒரு அளவுத் தகடு உட்டு இடைவெளி பாப்பேன், ஒயரை ஒரு கோடியில இருந்து மறு கோடி வரைக்கும் தடவுவேன். அப்புறம் நானே ஓட்டிட்டுப் போயி மொத வளைவுல ஓங்கிப் பிரேக்கு அடிச்சுப் பாத்துட்டுத்தான் சாவியக் குடுப்பேன். எதுக்கு இவ்வளவும்? வண்டிக்காரனுக்காகன்னா நெனைக்கறீங்க? அவருக்காகத்தானுங்க. அந்தச் சதாசிவம் என்னைக்காச்சும் ஒரு நாள் தன் வண்டியத் தள்ளிக்கிட்டு எம்பட பட்டறைக்கு வருவாரு, அன்னைக்கு நாலு பேரு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். என்ன சொல்லறதுன்னு குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பாப்பேன். ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி வரும். எதுவும் போதலை.

வந்தாருங்க. போன சனிக்கிழம, பதினோரு மணி இருக்கும்.

ஆளு கொஞ்சம் வத்திட்டாரு. மடிப்புச் சட்டை மட்டும் அதேதான். பின்னால அவரு சம்சாரம், பூங்கோதைன்னு பேரு. மடியில சீருத் தட்டு, துணி போட்டு மூடியிருந்துச்சு. அரவேணுவுல அந்தம்மாவோட தங்கச்சி மகளுக்குச் சீராம், ரெண்டு பேரும் மலை ஏறிட்டிருக்காங்க. காரமடை தாண்டறப்ப மஞ்ச லைட்டு எரிஞ்சிருக்குது. எரியுது, அணையுது, எரியுது. இதோட மலை ஏறக்கூடாதுன்னு எம்பட போர்டைப் பாத்து நிறுத்தியிருக்காரு. ஹெல்மெட்டக் கழட்டுனாரு. “அட, நம்ம திருமூர்த்தி. உங்க கடைங்களா இது? அப்ப கவலையே இல்ல”ன்னாரு.

ஏழு வருசமாக் காத்திருந்தது ரெண்டு கால்ல நடந்து வந்து நிக்குது. பட்டறையில அப்ப நாலு பேரு இருந்தாங்க, பக்கத்துக் கடை ஆளுங்க ரெண்டு பேரு வேற. நான் நெனச்ச மாதிரியே கூட்டமும் இருக்குது. “வாங்க சார், உக்காருங்க”ன்னு ஸ்டூல எடுத்துப் போட்டேன். மொதல்ல வேலை. வேலைய முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு வெச்சுக்கிட்டேன்.

ஸ்கேனர மாட்டுனேன். முன் சென்சாரு, சிக்னல் விட்டு விட்டு வருதுன்னு காட்டுச்சு. போல்ட்டக் கழட்டி சென்சார வெளிய எடுத்தா, மூக்குல ஒரு சிட்டிகை இரும்புத்தூளு, மீசை வெச்சாப்புல ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்த மூக்குல காந்தம் இருக்குமுங்க. பிரேக்கு டிஸ்க்குத் தேஞ்சு உதிர்ற தூளை அது இழுத்து இழுத்து வெச்சுக்கும். அது நடுவுல நின்னா பல்ல எண்ண முடியாது. இவ்வளவுதான் கோளாறு. ஒரு துணிய எடுத்துச் சுத்தமாத் துடைச்சேன். வளையத்தத் துடைச்சேன். தகடு உட்டுப் பாத்தேன், இடைவெளி சரியா இருந்துச்சு. என் சர்வீசுலயே அப்படி ஒரு வேலை செஞ்சதில்லீங்க. அவரு எட்டிப் பாத்து ஒரு குத்தம் சொல்ல முடியாது. இப்பச் சொல்லிரலாம்னு நிமுந்தேன்.

அப்பப் பாத்து அந்த மனுசன் சம்சாரத்துகிட்டச் சொல்றாரு: “இவரு என்கிட்ட இருந்தவரு பூங்கோதை. இந்த வேலையெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன். அப்ப ஒண்ணும் தெரியாது. இப்பப் பாரு, தனியாக் கடை போட்டு எப்படி வந்துட்டாருன்னு.”

அந்தம்மா என்னைப் பாத்து, “அப்படிங்களாண்ணா”ன்னு சிரிச்சாங்க. கூட இருந்தவங்களும் தலைய ஆட்டுனாங்க. நான் ஏழு வருசம் செத்துச் செத்துச் சம்பாரிச்ச பேர, ஸ்டூல்ல உக்காந்த எடத்துல இருந்தே எடுத்துத் தன் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு.

நானும் உடலை. “சார், நீங்க அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்களே, ராசகோபால் வாத்தியாரு முன்னால, ஞாபகம் இருக்குதுங்களா?”ன்னு கேட்டேன்.

“எந்த வாத்தியாரு?”ன்னாரு. கொஞ்சம் யோசிச்சாரு. அப்புறம் சிரிச்சுட்டு, “நான் ஆயிரம் சொல்லியிருப்பேன் திருமூர்த்தி, வேலை நடக்கற எடத்துல. அதையெல்லாம் மனசுல வெச்சுக்கலாமா?”ன்னாரு.

ஞாபகமே இல்லீங்க அவருக்கு. எம்பட ஏழு வருசம், எம்பட ஊட்டுச் சிரிப்பு, எம்பட மாமனாரு. அவருக்கு அது இருமித் துப்புன மாதிரி. குளிக்கறப்பச் சொல்லிப் பாத்த அத்தன வார்த்தையும் எங்க போச்சுன்னே தெரியலை. ஞாபகம் இல்லாத ஆளுகிட்ட என்னத்தைங்க சொல்லறது?

நான் மறுபடி குனிஞ்சேன். கையில துணி இருந்துச்சு. துணியில அந்தத் தூளு இருந்துச்சு. சென்சார இன்னும் மாட்டலை. அவ்வளவுதாங்க. விரல்ல எடுத்து அந்த சென்சார் மூக்குலயே வெச்சேன். காந்தமில்லீங்களா, அதுவே போயி ஒட்டிக்கிச்சு. மாட்டி போல்ட்ட முடுக்கிட்டேன்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க. நான் ஒயர அறுத்தனா? போல்ட்ட லூஸாக்குனனா? புதுசா எதையாச்சும் கெடுத்தனா? அவரு வண்டி, அவரு டிஸ்க்கு, அவரு தூளு. அவரு கொண்டு வந்ததை அவருகிட்டயே திருப்பிக் குடுத்தேன். அவரு எம்பட கடையிலயே நிக்காமப் போயிருந்தா என்ன ஆயிருக்குமோ அதுதானே ஆச்சு. அவரு எங்கிட்ட வரவே இல்லைன்னு நெனச்சுக்குங்களேன்.

அப்புறம் ஸ்கேனர்ல அழிச்சேன். லைட்டு அணைஞ்சுது. “டெஸ்ட் ரைடு போயிட்டு வர்றீங்களா?”ன்னு கேட்டாரு. “உங்களுக்குத் தெரியாததா சார், நீங்களே பாத்துக்குங்க”ன்னேன். அவரே ஓட்டிட்டுப் போயி வளைவு வரைக்கும் போயிட்டு வந்தாரு. லைட்டு எரியலை. நான் என்னங்க பண்ணறது, அது அப்பவே எரிஞ்சிருக்கலாம். எரிஞ்சிருந்தா மறுபடி கழட்டித் துடைச்சிருப்பேன். துடைச்சிருப்பனோ என்னவோ. எரியலை. கடவுளு அப்படித்தான் நெனச்சிருக்காரு. “பிரமாதம், நல்லாக் கத்துக்கிட்டீங்க”ன்னு முதுகுல தட்டுனாரு. அந்தம்மா சீருத் தட்டுல இருந்து ஒரு ஆப்பிளு எடுத்துக் குடுத்தாங்க. நல்ல ஆப்பிளுதான். அங்கயே நின்னு தின்னேன்.

லைட்டு மறுபடி எரிஞ்சா பேரு எனக்குத்தானே கெடும்னு நீங்க கேக்கலாம். கெடாதுங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரில்ல, நாலு பேரு முன்னால. கெட்டா சொல்லிக் குடுத்தவருக்குத்தானே கெடும்? மேல போனப்புறம் லைட்டு எரியும், சம்சாரம் கேக்கும், “என்னங்க, நல்லாச் சொல்லிக் குடுத்தீங்களே”ன்னு. அவருக்கு மூஞ்சி செத்துப்போகும். நான் நெனச்சது அவ்வளவுதாங்க. மனுசன் ஒரு நாளாச்சும் பொண்டாட்டி முன்னால சிறுத்துப்போகணும். நான் சிறுத்துப்போகலையா?

இது குஞ்சப்பனைங்க. செக்போஸ்ட்டு. சித்த நேரம் நிக்கும். தண்ணி குடிக்கறீங்களா? எனக்கு நேத்துல இருந்து நெஞ்சுல ஒரே எரிச்சல். சோறு எறங்க மாட்டேங்குது. கேஸுங்க, வேற ஒண்ணுமில்லை.

ஞாயித்துக்கிழம சீரெல்லாம் முடிஞ்சு, சாங்காலம் ரெண்டு பேரும் கோத்தகிரி வரைக்கும் போயிட்டுத் திரும்ப அரவேணுவுக்கு எறங்கியிருக்காங்க. தூறல். ஒரு வளைவு திரும்புனா ரோட்டுக்கு நடுவுல காட்டெருமை. இந்தப் பக்கத்துல சகஜமுங்க, உங்களுக்குத் தெரியாததா. யாராயிருந்தாலும் பிரேக்கை அமுக்கத்தானே செய்வாங்க. அவரும் அமுக்கியிருக்காரு. முன் சக்கரம் கப்புன்னு நின்னு வழுக்கிருச்சு. அவருக்கு முழங்கையில சிராய்ப்பு, அவ்வளவுதான். அந்தம்மா தெறிச்சு ஓரத்துக் கல்லு மேல விழுந்திருக்காங்க. இடுப்பெலும்பு. ஆப்பரேசன் பண்ணி, ஆறு மாசமாவும் எந்திரிக்கன்னு சொல்லிட்டாங்களாம். எந்திரிச்சாலும் முன்ன மாதிரி நடக்க முடியுமான்னு டாக்டரு உறுதியாச் சொல்லலையாம்.

எனக்கு எப்படித் தெரியுமுன்னா, அந்தம்மாவே நேத்துப் போன் பண்ணுனாங்க. போர்டுல இருக்கற நம்பரை அவரு சனிக்கிழமயே போன்ல ஏத்தி வெச்சிருக்காரு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே பேசுனாங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு நின்னு நின்னு வந்துச்சு.

“அண்ணா, அவரு ரெண்டு நாளாச் சாப்படறதே இல்லீங்ணா. எனக்கு வலிக்குதுன்னு அழுவறதுக்கு நேரமில்லை, அவரைத் தேத்தறதுக்கே சரியா இருக்குது. இத்தன வருசம் இந்தத் தொழில்ல இருந்து எனக்கு ஒரு பிரேக்குப் புடிக்கத் தெரியலையே, உன்னைக் கொண்டு போயிக் கல்லுல போட்டுட்டனேன்னு சொவத்தப் பாத்து உக்காந்திருக்காரு. வண்டியில ஏதாச்சும் கோளாறு இருந்திருக்குமுங்கன்னு நான் சொன்னா, இருக்காது, அப்புறம் லைட்டு ஒருக்காக்கூட எரியலை, அது திருமூர்த்தி பாத்த வண்டி, அதுல கோளாறு வராது, தப்பு என்னுதுதான்னு சொல்றாரு.”

ஆமாங்க, அப்படியேதான் சொன்னாங்க. திருமூர்த்தி பாத்த வண்டியில கோளாறு வராதுன்னு அவரு சொல்லியிருக்காரு. ஏழு வருசம் கழிச்சுச் சொல்லியிருக்காரு, அதுவும் ஆஸ்பத்திரியில, யாருமில்லாத எடத்துல. நாலு பேரு கேக்கச் சொல்லணுமுன்னு தோணலை பாருங்க அவருக்கு.

அந்தம்மா அழுதுட்டே சொன்னாங்க: “வண்டி அரவேணுவுல எந்தங்கச்சி ஊட்டுல நிக்குது. நாளானிக்கு ஷோரூம்ல இருந்து வந்து பாக்கறாங்களாம். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு எட்டு வந்து பாருங்கண்ணா. பாத்துட்டு, வண்டியிலதான் கோளாறுன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாரு. பொய்யாவாச்சும் சொல்லுங்கண்ணா. நான் படுத்துக் கெடந்து தேறிக்குவேன், அவரு இப்படியே உக்காந்திருந்தாருன்னா என்ன ஆவாருன்னு தெரியலை.”

பொய்யாவாச்சும் சொல்லச் சொல்றாங்க. எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. பொம்பள அழுதா யாருக்குத்தான் இருக்காது? அந்தம்மா மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாதுங்க. ஆப்பிளு குடுத்தவங்க. ஆனா நான் தொழில்ல பொய் சொன்னதில்லீங்களே. அதை ஒருத்தருக்காக மாத்திக்க முடியுமா? “வர்றேம்மா, வந்து பாக்கறேன், பாத்துட்டு உள்ளதைச் சொல்றேன்”ன்னு மட்டும் சொன்னேன். நீங்க நல்லா இருப்பீங்கண்ணான்னு சொல்லிப் போனை வெச்சாங்க.

அதுக்குத்தான் இந்தப் பயணம். இந்தா, பையில பாருங்க, ஸ்கேனரு, பத்தாம் நம்பர் ஸ்பேனரு, சுத்தமான வெள்ளைத் துணி. போனதும் எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு சென்சாரக் கழட்டுவேன். தொடைச்சிருவேன். வண்டிப் பொட்டியில பதிஞ்சிருக்கற கோளாறையும் ஸ்கேனர் மாட்டி அழிச்சிருவேன். ஷோரூம்காரங்க நாளைக்கு வந்து மாட்டுனாங்கன்னா பச்சக் கொழந்தை மனசாட்டம் சுத்தமா இருக்கும் வண்டி. எம்பட வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது. சொல்லவும் உடமாட்டேன்.

அதுக்கப்புறம் அவர வரச் சொல்லுவேன். ஆஸ்பத்திரியில இருந்து ஆள உட்டாவது கூட்டியாரச் சொல்லுவேன். அவரு கொழுந்தியா, அவரு சகலை, அக்கம்பக்கத்து ஆளுங்க, எல்லாரும் சுத்தி நிக்கணும். அவரு கண்ணு முன்னாலயே ஸ்கேனர மாட்டுவேன். திரையில கோளாறு இல்லைன்னு வரும். அதை அவரையே படிக்கச் சொல்லுவேன், சத்தமா. படிச்சு முடிச்சதும் நான் சொல்லுவேன்: “சார், வண்டி பத்தரமாத்துத் தங்கம். பிரேக்கு, சென்சாரு, எல்லாம் சரி. ஓட்டுனவருக்குத்தான் பிரேக்குப் புடிக்கத் தெரியலை.”

அவ்வளவுதான் சொல்லுவேன். ஏழு வருசமா வராத வார்த்தை நேத்துப் போனை வெச்ச மறு நிமிசம் வந்துச்சுங்க. அவரே எடுத்துக் குடுத்த மாதிரி. இதுக்கு மேல ஒரு வார்த்தை கூட வேண்டாம், கொறையவும் வேண்டாம். அதைக் கேட்டுட்டு அவரு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும். அப்புறம் நேரா பஸ் ஏறி ஊட்டுக்குப் போயி ரெண்டு தட்டு சோறு திம்பேன்.

என்னங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டே வர்றேன். தப்புன்னு நெனைக்கறீங்களா? நெனைச்சா நேரா சொல்லிருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். நான் யாரையும் மனசுல வெச்சுக்கற ஆளில்லீங்க.

என்ன சொன்னீங்க? மகனா? உங்க மகனும் இந்த ரோட்டுலதான் தினம் வண்டியில போறாருங்களா, வேலைக்கு? அட, அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல. ஏ.பி.எஸ். வண்டிதானே? ஆறு மாசத்துக்கு ஒருக்கா அந்த சென்சார் மூக்கத் துடைக்கோணுமுங்க, யாரும் துடைக்கறதில்லை. மலை ரோடு, கேர்லெஸ்ஸா உடாதீங்க. எங்கிட்ட அனுப்பி வைங்க. நான் எம்பட கையாலயே பாத்துத் தர்றேன். இருங்க, நம்பரு எழுதித் தர்றேன். பேரு என்னங்க உங்க மகனுக்கு?

ஏனுங்க, எதுக்கு எந்திரிக்கறீங்க? கோத்தகிரி இன்னும் எவ்வளவு தூரம் இருக்குது. ஜன்னல் பக்கம் வேணும்னா சொல்லுங்க, மாறி உக்காந்துக்கலாம். முன்னால எடமே இல்லீங்க, பாருங்க, எல்லாம் நின்னுட்டு வர்றாங்க. சொன்னாக் கேக்க மாட்டீங்களா? சரி, போங்க. மேல கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்குங்க. எருமை கிருமை குறுக்க வந்து டிரைவரு பிரேக்கு அடிச்சாருன்னா விழுந்துருவீங்க.